முப்பத்து நான்காவது வேறுபாடு

ஒரு நாவலுக்கும் அதிலிருந்து எடுக்கப்பட்ட படத்துக்கும் இடையே நூற்றுப் பன்னிரண்டு வேறுபாடுகள் உள்ளன என்ற அறிக்கையில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன். அவற்றுள் முப்பத்து நான்காவது வேறுபாடு பஞ்சாலை என்ற ஒரு பெண்.

நாவலின் பெயர் 'சலாம் புராணம்'. எழுதியவர் அமிர்தலிங்கம். மந்தினுக்கு அருகே பாலத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருந்தவர். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த நேரம் போக மீதி நேரத்தில் எழுதினார். கதை எளியது. துரையின் நாய் செத்துப்போகிறது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அதற்கு இறுதி ஊர்வலம் நடத்த முனைகிறார். யார் முன்னால் நடப்பது, யார் எத்தனை அடி தள்ளி நின்று சலாம் போடுவது, எவ்வளவு நேரம் அழுவது என்று விதிகள் எழுதுகிறார். விதிகள் எழுதி முடிவதற்குள் நாய் நாறிவிடுகிறது. இருநூறு பக்கம். 1957இல் வெளிவந்தது. இந்நாட்டுத் தமிழின் தலைசிறந்த அங்கத நாவல் இதுவே என்று என் எம்.ஏ. ஆய்வேட்டில் எழுதினேன். யாரும் மறுக்கவில்லை. யாரும் ஆய்வேட்டைப் படிக்கவில்லை.

படம் போன வருடம் வந்தது. அதே பெயர். நாய்க்குப் பதிலாகக் கிளி. பழக்கிய நாய் கிடைக்கவில்லையாம். ரப்பர் மரங்களுக்குப் பதிலாகச் செம்பனை. ரப்பர் மரமும் கிடைக்கவில்லையாம். கிளிக்கு ஒரு பாட்டு உண்டு. சிரம்பானில் ஐந்து வாரம் ஓடியது.

நான் சிரம்பானில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். பெயர் சத்தியசீலன். வீடு மம்பாவில். மூன்று சிறுகதைத் தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறேன். மூன்றும் சேர்ந்து எழுபத்தெட்டுப் பக்கம். சொற்சிக்கனம் என் கொள்கை. என் தொகுப்புக்கு மதிப்புரை எழுதிய ஒருவர் அந்தக் கொள்கையில் என்னையும் விஞ்சினார். ஒரே வரி எழுதினார்.

பாலத்தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. அங்கே வீடமைப்புத் திட்டம் வருகிறது. படம் ஓடியதால் ஒரு யோசனை பிறந்தது. நாவல் நிகழ்ந்த வீடு என்று ஒன்றை மட்டும் இடிக்காமல் விட்டுப் பாரம்பரிய இல்லம் ஆக்கலாம். மேம்பாட்டு நிறுவனம் சம்மதித்தது. எந்த வீடு என்று மட்டும் யாராவது எழுத்துமூலம் சொல்ல வேண்டும் என்றது. மாநிலத் தமிழ் இலக்கியக் காப்பு மன்றம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, நாவலையும் படத்தையும் ஒப்பிட எட்டுப் பேர் கொண்ட குழுவை அமைத்தது. நாவலை முழுமையாக வாசித்தவர் என்ற முறையில் என்னையும் சேர்த்தார்கள். மற்ற எழுவரும் வேறு தகுதிகளால் வந்தவர்கள்.

குழுத் தலைவர் டத்தோ பட்டம் பெற்ற கணேசமூர்த்தி. மணல் ஏற்றும் லோரிகள் வைத்திருப்பவர். முதல் கூட்டத்தில் மாலை வாங்கிக்கொண்டு உரையாற்றினார்.

“இந்த நாவல் மேல எனக்கு உள்ள மரியாதை உங்களுக்குத் தெரியாது. என் வீட்டுல கண்ணாடி அலமாரியில வச்சிருக்கேன். அந்த மரியாதையினாலதான் இதுவரைக்கும் நான் அதைத் திறக்கல. அங்கதம்ங்கிறது ஆபத்தான விஷயம். தனி ஆளா அணுகக் கூடாது. குழுவாத்தான் அணுகணும்.”

கைதட்டினோம். பிறகு யார் எங்கே உட்காருவது என்பதில் முக்கால் மணி நேரம் போனது. நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் கிராணி பெஞ்சுகளை இப்படித்தான் வரிசைப்படுத்துகிறார். அதைப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். பிறகு என் நாற்காலி தலைவரிடமிருந்து மூன்றாவதாக இருப்பதைக் கண்டேன். குறிப்பை அழித்தேன்.

ஒப்பிடும் முறை இது. திரையில் படம் ஓடும். கையில் நாவல் இருக்கும். வேறுபாடு கண்டவர் கை தூக்க வேண்டும். படம் நிறுத்தப்படும். அது வேறுபாடுதானா என்று வாக்கெடுப்பு நடக்கும். ஒன்றே முக்கால் மணி நேரப் படத்தைப் பார்த்து முடிக்க ஐந்து ஞாயிறுகள் ஆயின. கிளி இருப்பது ஒரு வேறுபாடா, அது பாடுவது தனி வேறுபாடா என்பதில் ஒரு ஞாயிறு முழுதும் போனது. தனித்தனி என்று தீர்மானமாயிற்று. பதினெட்டு, பத்தொன்பது.

இராசரத்தினம் இரண்டாம் ஞாயிறு பேசினார். ஓய்வுபெற்ற தணிக்கையாளர். நாவலில் வரும் கிராணிக்கு மாதிரியாக இருந்தவர் அவருடைய பாட்டனார். இது ஊரறிந்த விஷயம். நாவல் வெளிவந்தபோது அந்தக் குடும்பத்தார் சிரம்பான் கடைகளில் கிடைத்த பிரதிகளை எல்லாம் வாங்கி எரித்தார்கள். முதல் பதிப்பு இன்று அரிதாக இருப்பதற்கு அவர்களே காரணம். இரண்டு தலைமுறை கழிந்தது. அவமானம் பழகிப் பெருமையாகிவிட்டது.

“நாவலில் எங்கட பாட்டனார் பதினேழு இடத்தில் அவமானப்படுகிறார். நான் எண்ணியிருக்கிறேன். படத்தில் நாலே நாலு இடம். அதிலும் ஓரிடத்தில் அவமானப்படுவது கிளி. இப்படி ஒரு குடும்பத்தின் சரித்திரத்தைக் குறைக்க இவர்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?”

குழு வருத்தம் தெரிவித்தது. மீதிப் பதின்மூன்று அவமானங்களும் தனித்தனி வேறுபாடுகளாகப் பதிவாயின.

காக்கப்பட வேண்டிய வீடு கிராணியின் பங்களாதான் என்பது இராசரத்தினத்தின் கட்சி. பங்களா இப்போது இல்லை. மூன்று படிகள் மட்டும் இருக்கின்றன. ஏறினால் மேலே ஒன்றுமில்லை. வீடு என்பது படியில்தான் தொடங்குகிறது என்று அவர் வாதாடினார்.

மற்றொரு கட்சி, படத்தில் காட்டப்பட்ட லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அங்கே இன்னும் ஆள் இருந்தது.

மூன்றாம் ஞாயிறு அந்தக் காட்சி வந்தது. கிராணி ஒரு லயத்து வீட்டு வாசலில் நின்று வசனம் பேசுகிறார். அவருக்குப் பின்னால் கதவு திறக்கிறது. ஒரு பெண் வெளியே வந்து வாளித் தண்ணீரைக் கொட்டுகிறாள். கேமராவை முறைக்கிறாள். அவள் காலடியில் ஓர் ஆடு எட்டிப் பார்க்கிறது. நான்கு வினாடி. நான் கை தூக்கினேன். 'பொருத்தமற்ற ஒரு பெண், ஓர் ஆடு. நாவலில் இல்லை. நீக்குக.' வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. தலைவர் என் கூர்மையைப் பாராட்டினார்.

அந்தப் பெண்தான் பஞ்சாலை. படத்துக்காக அவளை யாரும் நடிக்கச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்ட வந்திருக்கிறாள். நேரில் போனபோதுதான் தெரிந்தது.

நேரில் போனது தலை இடிக்கிறதா என்று பார்க்க. நாவலில் கிராணி ஒரு லயத்து வீட்டுக்குள் நுழையும்போது நிலையில் தலையை இடித்துக்கொள்கிறார். நிலைக்கு எதிராக ஒரு விதி எழுதுகிறார். எந்த லயம், எந்த வீடு என்று அமிர்தலிங்கம் சொல்லவில்லை. பஞ்சாலையின் வீட்டு நிலையில் தலை இடித்தால் அது நாவலின் வீடாக இருக்கலாம். மூத்தவர் என்ற முறையில் தலைவரே நுழைவது என்று முடிவாயிற்று. அவர் குள்ளம். நிமிர்ந்து நுழைந்தார். நிலைக்கும் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வெளியே வந்து மறுபடியும் நுழைந்தார்.

பஞ்சாலை ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே இதைப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். முழங்காலுக்குத் துணி சுற்றியிருந்தார்.

“டத்தோ, கொஞ்சம் எக்கி வாங்க. இல்லாட்டி நான் பின்னாலருந்து தூக்கி வுடட்டுமா?”

மூன்றாம் முறையும் இடிக்கவில்லை. கதவு பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம் என்று பதிவாயிற்று. தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே கதவுதான் என்றார் பஞ்சாலை. அது பதிவாகவில்லை. நாவலில் இல்லாதவர் நாவலைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியாது என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

மற்றவர்கள் காருக்குப் போன பிறகு பஞ்சாலை என்னை நிறுத்தினார். லயத்தில் மற்ற எல்லோரும் மாற்று வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவருக்குக் கொடுத்திருப்பது நாலாம் மாடி. மின்தூக்கி இல்லை. முழங்காலைக்கூடச் சமாளித்துக்கொள்வாராம். பதினோரு ஆடுகள் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் எந்த முனியாண்டி கோயிலில் படையல் என்றாலும் கிடா இங்கிருந்துதான் போகிறது. புருஷன் செத்த பிறகு சோறு போட்டது அவைதான்.

“நாலாம் மாடியில ஆட்ட எங்க சார் கட்டுறது? புத்தகத்துல இந்த வீடு இருக்குன்னா இடிக்க மாட்டாங்களாம்லா. இருக்கா?”

“லயம்னு மட்டும்தான் இருக்கு.”

“எந்த லயம்?”

“சொல்லல.”

“ஏன் சொல்லல?”

பொதுமைப்படுத்துவது இலக்கியத்தின் இயல்பு என்று விளக்கினேன். இந்த லயம் என்று சொல்லாததால்தான் அது எல்லா லயமும் ஆகிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எழுதியிருந்தா கை வலிச்சிருமா அவருக்கு?”

உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். வகுப்பு இருக்கிறது என்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

அதன்பின் குழு ஒரு கொள்கை வகுத்தது. அதை எழுதிக் கொடுத்தவன் நான். 'நாவல் மூலம். படம் நகல். மூலத்தில் இல்லாத எதற்கும் படம் சாட்சி ஆகாது.' எந்தச் சொல்லையும் நீக்க முடியாத மூன்று வாக்கியங்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. அதன் பொருள், படத்தில் காட்டப்பட்டதற்காகப் பஞ்சாலையின் வீட்டைக் காக்க முடியாது என்பது. மூன்று படிகள் காக்கப்படும். வீடு இடிக்கப்படும்.

ஒரு புதன்கிழமை, இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, பஞ்சாலையின் வீட்டை வைத்து, 'சலாம் புராண'த்தின் விடுபட்ட பகுதி ஒன்றை எழுதினேன். பதினொரு நிமிடம் ஆயிற்று.

'மூன்றாம் லயம். ஏழாம் வீடு. முற்றத்தில் கொய்யா.
கிராணி கதவைத் தள்ளினார்.
உள்ளே யாரும் இல்லை.'

முதல் வரைவில் ஒரு பெண் இருந்தாள். அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். பெண் என்றால் அவளுக்கு வயது வேண்டும். முகம் வேண்டும். அடுப்பில் ஏதாவது வேக வேண்டும். வரி நீண்டுகொண்டே போகும். அடித்துவிட்டேன். கடைசி வரி அதன்பிறகுதான் நின்றது. அமிர்தலிங்கமே எட்டாத இறுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாவல் புத்தகமாவதற்கு முன் ஒரு தொழிற்சங்கத்தின் கையச்சு இதழில் தொடராக வந்தது என்றும், அதில் இருந்து புத்தகத்தில் விடுபட்ட வரிகள் இவை என்றும், ஆய்வின்போது படியெடுத்தவை என்றும் குழுவிடம் சொன்னேன். இதழ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எட்டு நகல் கேட்டார்கள். ஒவ்வொன்றிலும் உண்மை நகல் என்று ஒரு நிபுணரின் சான்று வேண்டும் என்றார்கள். நாவலில் நிபுணர் நான்தான். எட்டிலும் சான்றளித்தேன்.

தலைவர் எழுந்து நின்று வாசித்தார்.

“உள்ளே யாரும் இல்லை. இந்த வரியை நான் சின்ன வயசிலேயே படிச்சிருக்கேன். மறக்கவே முடியல. இந்த ஒரு வரிக்கு அந்த இருநூறு பக்கமும் ஈடாகாது.”

இராசரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம் தகப்பனார் இந்த வரியை அடிக்கடி சொல்லுவார் என்றார். படிகளை விட்டுக்கொடுத்தார். அவமானங்களின் எண்ணிக்கையைப் பதினெட்டாகத் திருத்திக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். காலி வீட்டின் கதவைத் தள்ளுவதும் ஓர் அவமானம்தானே என்றார். ஏற்கப்பட்டது. இத்தகைய வரியைப் படத்தில் சேர்க்காத இயக்குநருக்குக் கண்டனம் தெரிவித்தோம். நூற்றுப் பன்னிரண்டாவது வேறுபாடு.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மறுநாள் பஞ்சாலை ஒரு பை நிறையக் கொய்யாப் பழம் கொண்டுவந்து கல்லூரி வாசலில் கொடுத்தார். வீட்டைக் காப்பாற்றிவிட்டீர்கள் சார் என்றார். அடக்கமாக வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவருக்கு மேம்பாட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. பாரம்பரிய இல்லத்தைப் பதினான்கு நாளுக்குள் காலி செய்ய வேண்டும். கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் நிறுவனத்துக்குப் போனேன். ஷாமினி என்ற இளம் அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தார். மேசையில் என் மூன்று வரிகள் சட்டமிட்டு நின்றன.

“சார், நாவல்ல வீடு காலியாத்தானே இருக்கு. நாங்க ஒரிஜினல்படிதான் வைக்க முடியும். உள்ள ஆள் இருந்தா அது ரெனோவேஷன் கணக்குல வரும் சார்.”

வீட்டைக் காப்பதே அங்கே இருப்பவருக்காகத்தான் என்றேன். ஷாமினி அறிக்கையைப் புரட்டினார். இருப்பவர் என்று அறிக்கையில் எங்கும் இல்லை என்றார். பிறகு சற்றுத் தேடி, முப்பத்து நான்கில் ஒரு பெண் இருக்கிறார், நீக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்றார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. உதவி செய்யவே பார்த்தார்.

தலைவரைப் பார்க்கப் போனேன். லோரிகளுக்கு நடுவே நின்றிருந்தார். அந்த நான்கு வினாடியைச் சாட்சியாகக் கொள்ளலாம் என்றேன். இயக்குநர் தெரியாமல் விட்டதாகவே இருக்கட்டும். வீட்டில் ஆள் இருப்பதைப் பார்த்தது படம் மட்டும்தான். தலைவர் என் தோளில் கை வைத்தார். மூலத்தில் இல்லாத எதற்கும் படம் சாட்சி ஆகாது என்றார். மனப்பாடமாகச் சொன்னார். இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பிறகு மாற்றுவது அழகல்ல என்றார்.

ஆகவே மூலத்தில் அவரைச் சேர்ப்பது ஒன்றே வழி. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பஞ்சாலையின் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். முதல் மூன்று வரிகளையும் எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த குழையைக் கீழே வைத்தார்.

“செத்தவரு பேருல எழுதுறது பாவமில்லயா சார்?”

“பாவம்தான்க்கா.”

“சரி, உள்ள வாங்க.”

முதல் முறையாக உள்ளே போனேன். அடுப்படிச் சுவர் கரியாக இருந்தது. விறகடுப்பால் வந்த கரி அல்ல. அவர் சமைப்பது கேஸ் அடுப்பில். படக்காரர்கள் பழைய காலம்போல் தெரிய வேண்டும் என்று கறுப்புச் சாயம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுரண்டினால் வரவில்லை. அதையும் எழுதுங்கள் என்றார். கதை நடப்பது அந்தக் காலத்தில், படக்காரர்களை எழுத முடியாது என்றேன். அப்படியென்றால் சுவர் கறுப்பு என்று மட்டுமாவது எழுதச் சொன்னார்.

'அடுப்பின் முன் ஒரு பெண்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

“அவ்வளவுதானா?”

“போதும்க்கா. ஆள் இருக்குன்னு தெரிஞ்சிருது.”

“ஒரு பெண்ணுன்னா யாரு? இந்த லயத்துல இருபது பொம்பள இருந்தாங்க. அப்புறம் இன்னொருத்தி வந்து அது நான்தான்னா?”

நியாயமான கேள்வி. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இடது முழங்கால். பதினோரு ஆடு, அவற்றில் ஒன்றுக்கு ஒற்றைக் கொம்பு. மழை வந்தால் தகரத்தில் எந்தெந்த இடத்தில் ஒழுகும், எங்கெங்கே எந்தச் சட்டி வைக்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில், வேலையை மேற்பார்த்த மண்டோர் கேட்ட கேள்வியும் இவர் சொன்ன பதிலும். பதிலில் இரண்டு சொற்களை மென்மையாக்கினேன். புருஷன் செத்த அன்று ஆட்டுக்கு யாரும் குழை போடவில்லை என்பதால் பாடையைத் தூக்கிய கையோடு இவரே போய்ப் போட்டது. நான்கு பக்கம் வந்தது. என் வாழ்நாளில் நான் எழுதிய மிக நீளமான கதை. வெட்ட வேண்டிய இடங்களைத் தேடினேன். கிடைக்கவில்லை. அது எனக்குக் கவலையளித்தது.

குழு அவசரமாகக் கூடியது. நகல் எட்டு. சான்று எட்டு. எல்லோரும் வாசித்தார்கள். தலைவர்தான் முதலில் தாளைக் கீழே வைத்தார்.

“இது அமிர்தலிங்கம் எழுதுனது இல்ல.”

இராசரத்தினம் தம் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு இலக்கியம் படிப்பு இல்ல. ஆனா அந்த மூணு வரியைப் படிச்சவன் நான். என்ன ஒரு சுத்தம். இதுல பாருங்க, ஆடு, சட்டி, முழங்கால் வலி. எதுக்கு இதெல்லாம்? யாரோ வீட்டுக்குள்ள உக்காந்து பாத்து எழுதுன மாதிரி இருக்கு. ஒரு பெரிய எழுத்தாளர் இப்படி எழுத மாட்டாரு.”

இராசரத்தினமும் ஒப்புக்கொண்டார். நான்கு பக்கத்தில் கிராணி ஓரிடத்தில்கூட அவமானப்படவில்லை என்பதே போலி என்பதற்குச் சான்று என்றார். போலி என்று தீர்மானம் நிறைவேறியது. ஏழுக்கு ஒன்று.

அப்போது நான் எழுந்தேன். இரண்டையும் எழுதியவன் நான் என்றேன். முதல் மூன்று வரிகளும் போலி. புதன்கிழமை, ஆசிரியர் அறை, பதினொரு நிமிடம். அடித்த வரைவைக்கூடக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்தேன்.

யாரும் அதை எடுக்கவில்லை. தலைவர் கனிவோடுதான் பேசினார்.

“சத்தியசீலன், உங்க மூணு புத்தகமும் என்கிட்ட இருக்கு. சின்னதா இருந்ததால அதையெல்லாம் படிச்சிட்டேன். அதனாலதான் சொல்றேன். அந்த வரி உங்களுக்கு வராது.”

ஒரு முன்னோடியின் படைப்புக்கு உரிமை கோரியதற்காக என்னைக் கண்டிப்பது என்றும், என் கடந்த காலச் சேவையை முன்னிட்டு அதைப் பதிவு செய்யாமல் விடுவது என்றும் முடிவாயிற்று. என் மனநிலையைச் சீராக்கும்பொருட்டு எனக்குப் பாரம்பரிய இல்லத்தின் கௌரவ வழிகாட்டி என்ற பொறுப்பும் தரப்பட்டது. சனிக்கிழமைதோறும். மறுத்திருக்கலாம். அழைப்பிதழில் பெயர் போடுவார்கள் என்றார்கள்.

பஞ்சாலை பதினான்காம் நாள் காலி செய்தார். கோலா கிளாவாங்கிலிருந்து அவர் தம்பி தர்மராஜ் லோரி கொண்டுவந்து ஆடுகளை ஏற்றிச் சென்றார். ஒற்றைக் கொம்பன் மட்டும் ஏற மறுத்தது. மூன்று பேர் சேர்ந்து தள்ளினோம். பிறகு சாமான்களை நாலாம் மாடிக்கு ஏற்றினோம். நான் ஒரு பானையும் ஒரு விசிறியும் தூக்கினேன். பஞ்சாலை ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து ஏறினார். என்னிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. பானையைப் பார்த்து வைக்கச் சொன்னார்.

திறப்பு விழாவில் பன்னிரண்டு பேர் பேசினார்கள். கிராணியின் நாய் ஊர்வலத்தில்கூட ஏழு பேர்தான் பேசுகிறார்கள். வீட்டைச் சுற்றி வேலி. தரைக்குப் புதுச் சிமெண்டு. கறுப்புச் சுவரை மட்டும் பாரம்பரியம் என்று கண்ணாடி போட்டு மூடினார்கள். கதவருகே கல்வெட்டில் மூன்று வரிகள், கீழே அமிர்தலிங்கத்தின் பெயர். எங்கள் நூற்றுப் பன்னிரண்டு பரிந்துரைகளில் படத் தயாரிப்பாளர் ஒன்றே ஒன்றை ஏற்றுக்கொண்டதாக ஷாமினி அங்கே சொன்னார். அதைத்தான் சுலபமாகச் செய்ய முடிந்ததாம். இப்போது இணையத்தில் ஓடும் பிரதியில் அந்த நான்கு வினாடி இல்லை. கிராணி வாசலில் நின்று பேசுகிறார். கதவு மூடியே இருக்கிறது.

நான்காவது சனிக்கிழமை மழைத் தூற்றல். பார்வையாளர் யாரும் இல்லை. பத்து மணிக்குப் பஞ்சாலை வந்தார். குடையை மடக்கி வேலி ஓரம் சாய்த்தார். காவலாளி பதிவேட்டைத் திறந்து அடையாள அட்டையைக் கேட்டார். விதி. அட்டையைப் பார்த்து எழுதியவர் பாதியில் நிறுத்தினார்.

“அக்கா, ஐ.சி.ல இந்த வீட்டு அட்ரஸ்லா போட்டிருக்கு.”

“மாத்தல தம்பி. மாடி எறங்கி வர்ற நாள்லதான் மாத்தணும்.”

காவலாளி என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன். வருகையாளர் ஊர் என்ற கட்டத்தில் ஏழாம் வீடு, மூன்றாம் லயம், பாலத்தோட்டம் என்று எழுதினார்.

பஞ்சாலை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அடுப்படியில் நின்றார். கண்ணாடிக்குள் இருந்த சுவரைப் பார்த்தார். தகரத்தில் ஒழுகும் இடங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார். இப்போது ஒழுகவில்லை. ஒவ்வொரு வருகையாளருக்கும் நான் அந்த மூன்று வரிகளை உரக்க வாசிக்க வேண்டும். வருகையாளர் ஒருவரே ஆனாலும் வாசிக்க வேண்டும். வாசித்தேன். அவர் அதுவரை அவற்றைக் கேட்டதில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடைசிச் சொல் வரை கேட்டார்.

“இதான் நீங்க எழுதுனதா சார்?”

“ஆமாக்கா.”

அவர் கதவருகே வந்து நிலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எழுதுறதுக்கு முன்ன ஒரு தடவ கதவத் தட்டியிருக்கலாம் சார். நான் உள்ளதான் இருந்தேன்.”